களிமண் பள்ளத்து விராலும் என் காரணங்களும்

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: விரால் மீன் குழம்பு. திட்டக்குடியில் அவள் மாமியார் வீட்டில் விராலை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். அதன் தலை பாம்புத் தலை மாதிரி இருக்கிறதாம். கல்யாணமாகி இரண்டு வருடமாக அக்கா கெண்டையையும் கெளுத்தியையும் தின்று பொறுமையாக இருந்திருக்கிறாள். பிள்ளை பிறந்தால் பத்தியம், பத்தியம் முடிந்தால் மறுபடி திட்டக்குடி. ஆகவே தின்பதென்றால் இந்த இரண்டு மாதத்துக்குள் தின்றாக வேண்டும்.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையே மார்க்கெட்டில் வாங்கி வந்திருப்பாள். நான்தான் தடுத்தேன்.

"கடையில விக்கிறதெல்லாம் வளப்பு மீனும்மா. சேத்து வாடை அடிக்கும். நான் புடிச்சாறேன். பள்ளத்துல ஒண்ணு கெடக்குது, பெருசு."

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவன்" என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதோடு பீங்கான் தொழிலில் டிப்ளமோ வேறு. அந்தச் சான்றிதழுக்கு மீன் பிடிக்கவும் தெரியும் என்று அம்மா நம்பினாள். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் நம்பினேன்.

பள்ளம் என்பது ஊருக்கு வெளியே, பீங்கான் யூனிட்டுகளுக்காகக் களிமண் வெட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்ட குழி. மழையில் நிரம்பிக் குளமாகிவிட்டது. அதில் ஒரு கிழட்டு விரால் இருந்ததை நான் வேலை பார்த்த யூனிட்டில் எல்லாரும் அறிவார்கள். சூளை எரிக்கும் என் நண்பன் அதைத் தொடை கனம் என்பான். யாருடைய தொடை என்று கேட்டால் பதில் வராது. நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்க மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் கீழே போனது.

அதுவரை என் தூண்டிலில் விழுந்தவை நான்கு கெண்டை, ஒரு நண்டு, என் சட்டைக் காலர். இந்த அனுபவத்தோடு ஊரிலேயே பெரிய மீனுக்குத் தேதி குறித்தேன்.

முதல் ஞாயிறு வெறுங்கையோடு வந்தேன். மேல்காற்று அடித்தது என்றேன்.

வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள். "காத்து மேக்கால அடிச்சா மீனு கெழக்கால போயி பஸ்ஸு ஏறிடுமா?"

இரண்டாம் ஞாயிறு தண்ணீர் கலங்கியிருந்தது. மூன்றாம் ஞாயிறு தண்ணீர் தெளிவாக இருந்தது. அதுவும் ஒரு குறைதான், மீன் நம்மைப் பார்த்துவிடும் என்று விளக்கினேன். நான்காம் ஞாயிறு யாரோ எருமையைக் குளிப்பாட்டினார்கள். ஐந்தாவது வாரம் அமாவாசை.

"அமாவாசைக்கு மீனு விரதமாடா?" என்றாள் அக்கா. "தோ பாரு தம்பி, எனக்குப் பெருசெல்லாம் வேணாம். விரல் நீளத்துக்கு இருந்தாலும் போதும். விரால்னு பேரு இருந்தா சரி."

"சின்னதப் புடிக்கிறதுல என்னாக்கா இருக்குது?"

"கொழம்பு இருக்குது."

அந்தப் பதில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அக்காவின் ஆசை எப்போதோ போய், ஊரே பேசும் ஒரு மீனைத் தோளில் போட்டுக்கொண்டு யூனிட் வாசல் வழியாக நடந்து வரும் ஆசை எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தோளில் போட்டால் வால் இடுப்பைத் தொடும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் யூனிட்டில் பியூஸ் கட்டை செய்வார்கள். கம்பி நுழைகிற ஓட்டையின் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். பிசிறு இருந்தால் கம்பியை அறுத்துவிடும். ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்து, பிசிறு தட்டுவதைக் கழித்துப் போடுவதுதான் சூப்பர்வைசர் என்ற என் உத்தியோகம். அச்சு அழுத்தும் அக்கா ஒருவர் இருந்தார், நல்லூர்ப் பக்கம். நான் கழிக்கும்போதெல்லாம் அவரிடம் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். மண் ஈரம், அச்சு தேய்ந்துவிட்டது, கரண்டு போய்ப் போய் வந்தது.

"காரணம் சொல்லாதீங்கக்கா. வெரல வச்சுப் பாத்தீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்பேன். படித்தவன் பேசுகிற பேச்சு.

ஆறாவது ஞாயிற்றுக்காக என் படிப்பைத் தூண்டிலில் இறக்கினேன். பெரியது நடுப்பள்ளத்தில்தான் கிடக்கும். அங்கே எட்டி வீசத் தூண்டில் நரம்பில் கனம் வேண்டும். எல்லாரும் ஈயக் குண்டு கட்டுவார்கள். நான் பீங்கானில் குண்டு செய்தேன். வெள்ளையாக, பளபளவென்று தண்ணீருக்குள் இறங்கினால் மீன் என்னவோ ஏதோ என்று வந்து பார்க்குமல்லவா? நெல்லிக்காய் அளவில் பன்னிரண்டு உருட்டி, குடைக்கம்பியால் ஓட்டை போட்டு, மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தேன். நண்பன் அவற்றைச் சூளையில் பியூஸ் கட்டைகளுக்கு நடுவே ஒரு மூலையில் வைத்து எடுத்துக் கொடுத்தான்.

"மீனு புடிக்கவா, மீனுக்குக் கம்மல் போடவா?" என்று கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலை அவனும் கூட வந்தான். காற்று இல்லை, எருமை இல்லை, தண்ணீர் கலங்கலுமில்லை, ரொம்பத் தெளிவுமில்லை. குறை சொல்ல எதுவுமே இல்லாத நாள். முள்ளில் தவளையைக் கோத்து வீசினேன். குண்டு அழகாகப் பறந்து நடுப்பள்ளத்தில் விழுந்தது. மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். ஏழாவது வீச்சோ எட்டாவது வீச்சோ, தவளைக்கு அடியில் தண்ணீர் வாய் பிளந்தது.

இழுத்தது நான் இல்லை, அது. தூண்டில் மூங்கில் வளைந்து நுனி தண்ணீரில் மூழ்கியது. மண்ணில் என் கால் வழுக்கியது. நண்பன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வுடாதடா, வுடாதடா" என்று என் காதுக்குள் கத்தினான். மீன் ஒரு திரும்பல் திரும்பியது. அப்போது பக்கவாட்டில் முழுசாகப் பார்த்தேன். தொடை கனம் உண்மை, என் நண்பனுடைய தொடை. அடுத்த நொடி மூங்கில் நிமிர்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் சேற்றில் மல்லாந்தோம்.

எழுந்திருக்கும் முன்பே என் வாய் வேலையைத் தொடங்கிவிட்டது. "நரம்பு டூப்ளிகேட்டுடா. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

நண்பன் நரம்பின் நுனியை இழுத்துப் பார்த்தான். இழுபட்டு அறுந்த நுனி இல்லை, பிளேடால் வெட்டியதுபோல இருந்தது. என் டப்பாவிலிருந்து இன்னொரு குண்டை எடுத்து, ஓட்டையின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். கையை விரித்து என்னிடம் காட்டினான். ஒரு பொட்டு ரத்தம்.

"நரம்பு நல்லாத்தான்டா இருக்குது" என்றான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் நரம்பு டூப்ளிகேட் என்றுதான் சொன்னேன். அவள் கிண்டல்கூடச் செய்யவில்லை. வயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கிண்டல் செய்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் யூனிட்டுக்குப் போனால், நண்பன் எனக்கு முன்னால் போய்க் கதையை எல்லாருக்கும் விநியோகம் செய்து முடித்திருந்தான். அச்சு அழுத்தும் அக்கா கை வேலையை நிறுத்திவிட்டு, ரொம்ப மரியாதையாக என்னைக் கூப்பிட்டார்.

"சூப்பர்வைசர் தம்பி, மீனு போயிடுச்சாமே?"

"ஆமாங்கக்கா. அந்த நரம்பு..."

"காரணம் சொல்லாதீங்க தம்பி. வெரல வச்சுப் பாத்தீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

யூனிட்டே சிரித்தது. சூளைப் பக்கமிருந்து விசில் வேறு. எனக்குக் காது சூடேறிவிட்டது. "பாக்கலக்கா" என்றேன். சொன்ன பிறகு என்னவோ லேசாக இருந்தது.

சாயங்காலம் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நரம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி. நான் செஞ்ச குண்டுதான் அறுத்துடுச்சி. அத விடு. அந்த மீன என்னால புடிக்க முடியாதுக்கா. எனக்கு அவ்ளோ தெரியாது. அமாவாசையும் இல்ல, எருமையும் இல்ல. எனக்குத் தெரியல, அவ்ளோதான். முழங்கை அளவுக்கு ஒண்ணு வேணா முயற்சி பண்றேன். அதுவும் இல்லன்னா மார்க்கெட்டுல வாங்கியாறேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இத மொத வாரமே சொல்லியிருந்தீன்னா இந்நேரம் ஆறு கொழம்பு தின்னுருப்பன்டா, பாவி."

மறுநாள் விடிந்ததும் ஷிப்டுக்கு முன்னால் தனியாகப் போனேன். நடுப்பள்ளத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கரையோரம் கோரைப்புல் ஓரமாக, குண்டு எதுவும் கட்டாமல், மண்புழுவைக் கோத்துவிட்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு முறை தண்ணீர் சத்தமாகப் புரண்டது. திரும்பாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். முதலில் ஒரு கெண்டை. அப்புறம் அரைக் கிலோ தேறுகிற ஒரு விரால். கிளம்பப்போன நேரத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. தோளில் போட முடியாது, பையில் போட்டு சைக்கிளில் மாட்டினேன். யூனிட் வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்துக் கழுவிக் குழம்பு வைத்தாள். அக்கா சுவரில் சாய்ந்து, தட்டை வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு தின்றாள். பெரியதா சின்னதா, எங்கே எப்படிப் பிடித்தாய், ஒரு கேள்வி கேட்கவில்லை. முள்ளை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் வந்தது.

"எப்படிக்கா இருக்குது?"

"புளி தூக்கல்" என்றாள். சட்டியை அவள் பக்கமாக இழுத்துக்கொண்டாள். ஷிப்டு முடிந்து வந்து பார்த்தபோது இரண்டு மீனில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. குழம்பு மட்டும் இருந்தது. ஊற்றிப் பிசைந்து தின்றேன். புளி தூக்கலாகத்தான் இருந்தது.