‘மற்றும் பலர்’ என்று என்னைச் சொன்ன மாலை

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். அந்தப் படிப்போடு கண்டிக்கு வந்து மஹய்யாவயில் மாடி வீடு கட்டினேன். சரிவு நிலம், ஒரு மழைக்கு உருண்டு போகும் என்று சொன்ன மேசன் பாஸ் இன்று இல்லை, வீடு இருக்கிறது. மலைக்கு நடுவில் குழி மாதிரிக் கிடக்கிற ஊர், இங்கே டிவியில் படம் வராது என்று டவுன் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். நான் பழைய இரும்புக் கடையில் வளைந்து கிடந்த அலுமினியக் குழாய்களை வாங்கினேன். ஒரு டாக்டர் வீட்டுக் கூரையில் நின்ற அன்டனாவை ரோட்டில் நின்றே கண்ணால் அளந்தேன். ஒருவரும் சொல்லித் தராமல் என் கையாலேயே முதல் அன்டனாவைச் செய்தேன். படம் வந்தது. பிறகு எங்கள் தெருவில் டிவி இருந்த வீடெல்லாம் என் அன்டனாதான். கோவில் ஒலிபெருக்கி நான் பூட்டியது. என் அன்டனாக் கடைக்கு மூன்று மொழியிலும் பலகை போட்டேன். அதில் இரண்டு எனக்கு வாசிக்க வராது, ஆனால் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும்.

இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்பதை ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று. அது சனிக்கிழமை நாடகத்தின் விஷயம்.

அரை மணிநேரத் தமிழ் நாடகம், சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வரும். தமிழில் அவ்வளவு நல்லதாக வேறொன்றும் அப்போது இல்லை. கதை சின்னதுதான். புருஷனுக்கு இந்தியப் பாஸ்போட் வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறிவிடுகிறான். பெண்சாதிக்குக் காகிதம் வரவில்லை, அவள் இங்கேயே நின்றுவிடுகிறாள். ஒரு தையல் மெசினோடு டவுனில் அறை எடுத்துக் காத்திருக்கிறாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பிரிவு நடக்காத வீடு குறைவு. என் சம்சாரத்தின் அக்காளும் அப்படிப் போனவள்தான். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. சம்சாரம் அந்த நாடகத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள். வேறு எதற்கும் அவள் அடுப்பை அணைத்து நான் கண்டதில்லை.

ஒரு வாரம் நாடகத்தில் ‘வருகிறேன்’ என்று கடிதம் வந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் வந்துவிடுவான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அதற்கு முந்தின இரண்டு நாளும் பலத்த காற்று. அதனால் சனிக்கிழமை காலையில் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், எல்லா அன்டனாவையும் படம் வருகிற ஹந்தானை மலைப் பக்கம் நேராகத் திருப்பி, ஆணியை இறுக்கிவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை. காசு வாங்காததுதான் வினையாகிப் போயிற்று. வாங்கியிருந்தால் தொழில் என்று விட்டிருப்பார்கள். சும்மா செய்ததால், இவன் எதற்குச் சும்மா கூரை ஏறுகிறான் என்று ஒரு கேள்வி பிறந்துவிட்டது.

அன்று மாலை படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. கடைசியில் கதவு தட்டுகிற சத்தம். அவள் தையலை நிறுத்துகிறாள், எழுந்து போகிறாள், தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான். வாத்தியம் வந்தது, பிறகு சவர்க்கார விளம்பரம். ‘தொடரும்’ என்றும் போடவில்லை, ‘முற்றும்’ என்றும் போடவில்லை.

சரி, அடுத்த வாரம் திறப்பாள் என்று இருந்தோம். அடுத்த வாரம் அதே நேரத்தில் ஒரு விவசாய அதிகாரி வந்து போஞ்சிக் கொடிக்கு எப்படிப் பசளை போடுவது என்று விளக்கினார். அதற்கடுத்த வாரம் கரட்.

முதல் சந்தேகம் என் வீட்டுக் குசினியிலேயே கிளம்பியது.

“ஏங்க, அன்னைக்கிக் காலையில மூலை வீட்டுக் கூரையில அம்புட்டு நேரம் என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“ஆணி துருப்பிடிச்சிருந்துச்சு.”

“ஆணிய இறுக்குனீங்களா, இல்ல வேற எதையும் திருப்பிவிட்டீங்களா?”

கட்டின பெண்சாதியே இப்படிக் கேட்டால் தெரு சும்மா விடுமா. மூலை வீட்டு அக்கா நேரடியாகவே சொன்னாள். அந்தத் தெருவில் முதலில் டிவி வாங்கியவள், அவள் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். “கம்பளையில கதவு தொறந்திருச்சாம் தம்பி. புருஷன் நரைச்ச தலையோட நின்னானாம். நம்மளுக்குத்தான் வரல. நீங்க இறுக்குன இறுக்குல நாடகம் பக்கத்து மலைக்குப் போயிருச்சு.”

நான் பொறுமையாக விளக்கினேன். அன்டனா கோணினால் எல்லா நிகழ்ச்சியும் புள்ளி புள்ளியாகத்தான் வரும், ஒரு நாடகத்தை மட்டும் அது பிடித்து வைத்துக்கொள்ளாது என்றேன். போஞ்சி எவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்று கேட்டேன்.

“அதத்தான் நாங்களும் சொல்றோம்,” என்றாள். “போஞ்சி தெரியுது, நாடகம் தெரியல.”

அது வெறும் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். பொலிஸ் வந்து வீடு சோதிக்கிற அந்தக் காலத்தில் கூரையில் ஏறி நான்கு பக்கமும் பார்க்கிறவனைப் பற்றி ஒரு சொல் எழும்பினால், அது அன்டனாவோடு நிற்காது. யார் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று இவன் மேலிருந்து பார்க்கிறானோ, பார்த்து யாரிடமாவது சொல்கிறானோ என்று போய் முடியும். ஏற்கெனவே ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் பின்கதவைச் சாத்தினார்கள். என்னை நம்பிக் கூரையில் ஏறவிடுகிற வரைதான் எனக்குத் தொழில். அதனால் நாடகம் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கவேண்டியது என் தலையில் விழுந்தது.

கடையைப் பூட்டிவிட்டு கோச்சி ஏறி கம்பளைக்குப் போனேன். டிவி வைத்திருந்த ஒரு தேத்தண்ணிக் கடை, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலாளி ஒரு முஸ்லிம் நானா. பிளேன்டீயைக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

“நானா, சனிக்கிழமை நாடகத்துல கதவத் தொறந்தாளா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊரு நீங்க?”

“மஹய்யாவ.”

“அப்ப நீங்கதானே எங்களுக்குச் சொல்லணும். எங்கட பக்கம் கதவு மட்டும்தான் வந்திச்சு. ஒங்கட மஹய்யாவயில தொறந்து, புருஷன் ஒரு சின்னப் புள்ளயக் கையில புடிச்சிக்கிட்டு நின்டாராமே? எங்கட ஆக்கள் எல்லாம் அன்டனாக்காரனத் தேடிக்கிட்டு இருக்காங்க.”

இங்கேயும் ஒரு அன்டனாக்காரனைத் தேடுகிறார்கள் என்று கேட்டபோது எனக்குப் பாதி ஆறுதல். அவனைச் சந்தித்து இரண்டு வார்த்தை பேச ஆசைப்பட்டேன், ஆனால் அவன் பேராதனைப் பக்கம் ஒளிந்துவிட்டானாம்.

திரும்பி வந்து சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. “கம்பளைக்குப் போனதுக்கு என்னா சாட்சி?” என்று கேட்டார்கள். கோச்சி டிக்கட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டார்கள்.

அப்போது ஒரே வழிதான் மிஞ்சியது. கொழும்புக்கு எழுதிக் கேட்பது. எனக்குக் கடிதம் எழுத வராது என்பதை நான் மறைத்ததில்லை. எங்கள் தெருவில் முனிசிபல் கந்தோரில் வேலை பார்க்கும் கிளாக்கர் ஒருவர் இருந்தார். முத்து முத்தாக எழுதுவார், அதை அவரே சொல்லவும் செய்வார். அவரிடம் போனேன்.

“எழுதலாம் அண்ணே,” என்றார். “ஒரு ஆளு எழுதினா குப்பையில போடுவாங்க. தெருவே கையெழுத்து வெச்சா யோசிப்பாங்க.”

காகிதத்தை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது நான். அவர் கதிரையில் உட்கார்ந்தே இருந்தார்.

இந்தத் தெருக்காரர்களுக்குப் பெயர் கொடுப்பது புதிதல்ல. ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டு போஸ்காட் எழுதின காலத்தில், பெயர் வாசிக்கிற நேரம் வந்தால் ரோட்டில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். மூலை வீட்டு அக்கா ஒருமுறை வீட்டில் உள்ள அத்தனை பேரையும் எழுதி, கடைசியில் ‘பிறக்கப்போகும் குழந்தை’ என்றும் போட்டாள். ரேடியோவில் அதையும் வாசித்தார்கள். அப்படிப்பட்டவள் இப்போது கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினாள்.

“பேரு கேட்டு உங்கள யாரு அனுப்புனது?”

“கிளாக்கர் ஐயாதான் எழுதுறாரு அக்கா. நாடகத்துக்கு.”

“நாடகத்துக்குப் பேரு எதுக்கு? அதுவும் தமிழ்ப் பேரா, விலாசத்தோட.”

அவளைக் குறை சொல்லமாட்டேன். கலவர நாட்களில் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தோடு நின்ற என்னைத் தெரு பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேறு. கூரையில் ஏறினவன் இப்போது வாசலுக்கும் வந்துவிட்டான் என்று பார்த்தார்கள். ஏழு வீட்டில் ஏறி இறங்கினேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை. தையல்காரர் மாமா பேனாவை வாங்கி, அது எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தேன். அப்போது ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு, “பைப்படி வீட்டு அண்ணி, கொஞ்சம் பாத்துக்கங்க,” என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள். அங்கேதான் எனக்கு யோசனை வந்தது. எனக்குத்தான் வந்தது. கிளாக்கருக்கு அல்ல, இதைக் கவனமாக வாசிக்கவேண்டும்.

மூலை வீட்டுக்குத் திரும்பிப் போனேன். “அக்கா, பேரே வேணாம். தெருவுல உங்கள எப்படிக் கூப்பிடுறோமோ அப்படியே போடுவோம். ‘மூலை வீட்டு அக்கா’. நாளைக்கு எவனாவது வந்து ‘பைப்படி வீட்டு அண்ணி யாரு’ன்னு கேட்டா யாரக் காட்டுவாங்க? பைப்படியில நாலு வீடு, நாலுலயும் அண்ணி.”

அவள் சிரித்துவிட்டாள். கதவு முழுதாகத் திறந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பக்கம் நிரம்பிவிட்டது. பைப்படி வீட்டு அண்ணி, தையல்காரர் மாமா, பேக்கரிக்காரர் தாயார், பச்சைக் கதவு வீட்டு டீச்சர் என்று ஒரு தெருவே அந்தக் காகிதத்தில் வந்து குந்தியது. கிளாக்கர் பார்த்துவிட்டு, “இது கடிதமா அண்ணே, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கு,” என்றார். ஆனாலும் கார்பன் தாள் வைத்து அழகாக எழுதினார். நான் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். சம்சாரத்தைச் சொல்லிவிட்டு என் பெயரையும் சொன்னேன். ‘அன்டனாக்காரர்’ என்று சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். அவர் தலையாட்டினார். எழுதினாரா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த வேகத்தில் எனக்கு வாசிக்க வந்திருக்காது, அது அவருக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து, நேயர் கடிதம் வாசிக்கிற நிகழ்ச்சியில் எங்களுடையது வந்தது. பட்டுச்சேலை கட்டின அறிவிப்பாளர் அம்மா காகிதத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். “கண்டி, மஹய்யாவயிலிருந்து மூலை வீட்டு அக்கா, பைப்படி வீட்டு அண்ணி, தையல்காரர் மாமா…” ஒவ்வொரு பெயருக்கும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டே வந்தேன். “…பேக்கரிக்காரர் தாயார், அன்டனாக்காரர் சம்சாரம், மற்றும் பலர்.”

மற்றும் பலர்.

பிறகுதான் பதில். நாடகம் அந்த வாரத்தோடு நிறைவடைந்துவிட்டதாம். இனித் தயாரிக்கமாட்டார்களாம். கதவுக்கு வெளியே நின்றது யார் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறார்களாம். ஏன் நிறுத்தினார்கள் என்று ஒரு சொல் இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் தெருவில் அதை யாரும் கேட்கவில்லை. பெயர் வந்த சந்தோஷத்தில் நாடகத்தையே மறந்துவிட்டார்கள்.

என் சம்சாரம் மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தாள். “அப்ப யாரு வந்தான்னு அவங்களுக்கே தெரியாது,” என்றாள். கொஞ்சம் கழித்து எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

மறுநாள் மூலை வீட்டு அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள், அன்டனாவைப் பார்க்கவேண்டுமாம். சாத்தின பின்கதவும் திறந்தது. அந்த வகையில் தொழில் தப்பியது. நான் நேரே கிளாக்கரிடம் போனேன்.

“என் பேரு எங்க?”

“அதான் வந்துச்சே அண்ணே. அன்டனாக்காரர்னு சொன்னாங்களே.”

“அது அவ பேரு. நான் என் பேரக் கேக்குறேன்.”

“உங்களக் கடைசியில போட்டேன். கொண்டு வந்த ஆளு கடைசியில வர்றதுதான் மரியாதை. அந்தம்மா நேரமில்லாம வெட்டியிருக்கும்.”

“கார்பன் நகல் இருக்குமே, காட்டுங்க.”

“கந்தோர் அலுமாரியில இருக்கு, பாக்கணும்.”

அந்த அலுமாரியை அவர் ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நகல் வரவில்லை. இன்றைக்கு ரோட்டில் கண்டு கேட்டாலும் சிரிக்கிறார். குற்றமில்லாதவர் எதற்குச் சிரிக்கவேண்டும்?

இப்போது எங்கள் சனசமூக நிலையம் ஆண்டு மலர் போட்டிருக்கிறது. பேரப்பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘நமது தெருவின் குரலை முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒலிக்கச் செய்த கடிதம்’ என்று அந்தக் கதை இருக்கிறது. எழுதியவர் என்று கிளாக்கரின் படம். கீழே பட்டியல். பட்டியலின் கடைசியில், பழையபடி, அன்டனாக்காரர் சம்சாரம், மற்றும் பலர்.

பேரப்பிள்ளை எழுத, மலர்க் குழுவினருக்கு நான் சொல்லுவது இது. கிளாக்கரின் படத்தை எடுக்கவேண்டாம், கையெழுத்து அவருடையதுதான். சம்சாரத்தின் பெயரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், யார் வந்தது என்று அவள் கேட்டதற்குத்தான் பதிலே வரவில்லை. ஆனால் அடுத்த மலரில் அவளுக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கவேண்டும். கம்பளை வரை போய் விசாரித்தவர், காகிதத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர், பெயரில்லாமல் பெயர் போடுகிற வழியைச் சொன்னவர், அன்டனாக்காரர். இதை அச்சடித்தபின் ஒரு கால்புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். ‘மற்றும் பலர்’ அதற்கப்புறம் வரட்டும்.