குனிய வைத்த ஜன்னல்

குடைக்காரிக்கு முதுகிலும் கண் உண்டு என்று ஊரிலுள்ள சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். சிவப்புக் குடையை விரிக்காமல் உயரத் தூக்கிப் பிடித்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பழைய நகரத்தின் கல் தெருக்களில் பின்னோக்கி நடப்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் விழுந்திருக்கிறாள். அதுவும் எதிரே வந்த கழுதைதான் வழி தவறியது என்பாள்.

அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வழிகாட்டி வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வரவே கூடாது. ஒரு தடவை வந்துவிட்டால் அதற்கப்புறம் நீ சொல்லும் உண்மையைக்கூட எவனும் நம்பமாட்டான் என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், மூன்றாம் தெருவில் ஒரு வீட்டின் முன்னால் கைத்தடிக்காரர் ஒருவர் கூட்டத்தை நிறுத்தினார். அந்த வீட்டு ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருந்தது.

“இது ஏம்மா இவ்வளவு தாழ்வா இருக்கு?”

குடைக்காரிக்குத் தெரியாது. ஆனால் வாய் கேட்குமா?

“இங்க ஒரு அதிகாரி இருந்தாருங்க. மகா திமிர் பிடிச்சவர். மனு கொடுக்க வர்றவங்க குனிஞ்சுதான் கொடுக்கணும்னு ஜன்னலை இப்படி வச்சாரு. ஒரே ஒரு ஆள் மட்டும் குனியல. நிமிர்ந்து நின்னு, மனுவைக் கால்விரல்ல இடுக்கி உள்ள நீட்டிட்டாரு!”

கூட்டம் கைதட்டியது. கைத்தடிக்காரர் தன் காலை ஜன்னலுக்குள் விட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூன்றாம் தெருவுக்கு வந்த கால்களுக்குக் கணக்கே இல்லை. மற்ற வழிகாட்டிகளும் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அதிகாரிக்கு மீசை வைத்தார், இன்னொருவர் மனுக்காரருக்கு மூன்று பெண் குழந்தைகளைக் கொடுத்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் குழாய் பதிக்க அந்தத் தெருவைத் தோண்டினார்கள். ஒரு தளக்கல் வரிசைக்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. ஜன்னலுக்கு நாலடி கீழே அந்த வீட்டின் பழைய வாசற்படி முழுசாக இருந்தது. பள்ளத்தில் நின்ற குழாய்க்காரர் மேலே நின்ற குடைக்காரியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: “ஜன்னல் இறங்கலக்கா, தெருதான் ஏறியிருக்கு.”

குடைக்காரிக்குச் சுரீர் என்றது. ஆனாலும் கதையை விடவில்லை. கைதட்டல் ஒரு கெட்ட பழக்கம்.

போன வசந்தத்தில் ஒரு நாள் இருபத்திரண்டு பேர் கொண்ட கூட்டத்தோடு நகர அலுவலகத்து அதிகாரி ஒருவரும் வந்தார். சரித்திர இடங்களில் பித்தளைப் பலகை வைப்பது அவர் வேலை. ஜன்னலடியில் கதை முடிந்து கைதட்டலும் ஓய்ந்ததும் ஒரு தாளை நீட்டினார்.

“முதன்முதலா சொன்னது நீங்கதானாமே? சாட்சியா ஒரு கையெழுத்து போட்டுடுங்க மேடம். ஆனா ஒண்ணு, தகவல் தப்புன்னா உங்க உரிமம் போயிடும். வழக்கமான விதிதான்.”

அவள் வாசித்தாள். அதிகாரி, மனு, குனிதல் எல்லாம் இருந்தது. கடைசி வரி இது: ‘காலங்காலமாக மக்களின் பாதம் பட்டுத் தேய்ந்த ஜன்னற்கல்லே இதற்குச் சான்று.’

குடைக்காரி கல்லைப் பார்த்தாள். உண்மையிலேயே வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனையோ கால்களை “விடுங்க, விடுங்க, படம் எடுக்கலாம்” என்று அவளே கூப்பிட்டு விட்டிருக்கிறாள். பேனா கையில் இருந்தது. போட்டால் பித்தளையில் நிற்கும் பொய். போடாவிட்டால் சொன்னது பொய் என்றாகி, சோறு போடும் தொழில் போகும். இருந்தாலும் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பிழைத்தவள், இப்போது மட்டும் ஏன் மூட வேண்டும் என்று தோன்றியது.

“சார், இந்தக் கல்லைத் தேய்ச்சது நான்தான்,” என்றாள்.

பிறகு குடையைத் தூக்கிப் பிடித்து, இருபத்திரண்டு பேருக்கும் கேட்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். தெரு எப்படி ஏறியது, எத்தனை அடுக்குக் கல், கீழே இப்போதும் இருக்கும் படி. தன் பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. ஆனால் எல்லோரும் காலடியைக் குனிந்து பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

அதிகாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தானாக ஒப்புக்கொண்டதால் உரிமம் ஒரேயடியாகப் போகவில்லை, மூன்று மாதம் முடக்கம். அந்த மூன்று மாதமும் கணவரின் தையல் கடையில் பொத்தான்களைக் கோணலாகத் தைத்தாள். “தாயே, நீ சீக்கிரம் தெருவுக்கே போயிடு. வாடிக்கை எல்லாம் ஓடிடும் போலிருக்கு,” என்று அவர் கும்பிட்டார்.

திரும்பி வந்த முதல் நாள், மூன்றாம் தெருவில் புதுப் பலகை மின்னியது. தெரு உயர்ந்த விவரம் அதில் தெளிவாக இருந்தது. அதன் கீழேயே சக வழிகாட்டி ஒருவரின் கூட்டம், ஒரு பெண்ணின் கால் ஜன்னலுக்குள்!

பலகையைப் படித்த ஒருவர் கேட்டார்: “இதுல வேற மாதிரி போட்டிருக்கே?”

“பலகைக்கு என்ன சார் தெரியும்?” என்றார் வழிகாட்டி. “எனக்கு இதைச் சொன்னது பத்தொன்பது வருஷ அனுபவமுள்ள ஒரு அம்மா. தப்பாவா சொல்லுவாங்க?”

பின்னால் சிவப்புக் குடை உயர்ந்தது.

“தப்பாத்தான் சொன்னாங்க தம்பி. அந்த அம்மா நான்தான். பலகை சொல்றதுதான் சரி.”

சக வழிகாட்டி அசடு வழிந்தார். பெண் காலை வெளியே எடுத்தாள். பலகையைப் படித்தவர் இப்போது குடைக்காரியின் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டைக் காட்டினார்.

“அப்ப அந்த வீட்டுக்குத் தெருப் பக்கம் கதவே இல்லையே, அது ஏம்மா?”

இரண்டு கூட்டமும் அவள் முகத்தையே பார்த்தது. நல்ல கதை ஒன்று, காதலும் வாளும் வைத்து, நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. குடைக்காரி அதை அப்படியே விழுங்கினாள்.

“தெரியாது சார்,” என்றாள்.