மூணு தரம் சொன்ன பிறகு வந்த வரி

எங்கள் ஊர் ஏரி மீன் ஏலத்தில் "மூணு தரம்" சொல்லிவிட்டால் அதோடு சரி. கேட்ட விலையைக் கொடுத்து, சுற்றி நிற்பவர்களுக்கு டீ வாங்கித் தந்தால் தீர்ந்தது. அதே நினைப்பில்தான் வேப்பந்தட்டையில் ஒரு பேங்கு ஜப்தி செய்திருந்த பழைய லோடு ஆட்டோவை ஏலம் கேட்கப் போனேன். வயலில் பட்டறை போட்டு அடுக்கி வைத்திருந்த சின்ன வெங்காயத்தில் பாதியை, நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன் என்றே வாடகை வண்டிக்காரன் அழுக வைத்துவிட்டான். மீதியாவது மண்டிக்குப் போக வேண்டும்.

நாலு பேர் எதிரில் எனக்கு வாய் எழாது. அதனால் மச்சானைக் கூட்டிப் போனேன். என் மனைவியும் வந்தாள். நான் முதுகில் தட்டத் தட்ட மச்சான் விலையை ஏற்றினான். கையிலிருந்த பணம் முழுவதும் தீர்ந்த இடத்தில் துறையூர் வியாபாரி ஒருவர் விட்டுக்கொடுத்தார். மேனேஜர் மூணு தரம் சொல்லிவிட்டு, "ஜிஎஸ்டி தனி. பாதி சென்ட்ரலுக்கு, பாதி ஸ்டேட்டுக்கு" என்றார்.

மச்சான் எகிறினான். "சார், இது சென்ட்ரல் கவர்மெண்ட் பேங்கு. உங்க மேல கை வைக்க ஸ்டேட்டுக்காரனுக்கு என்னா அதிகாரம்?"

"எங்க மேல எங்கங்க வைக்கிறான்? கட்டப்போறது உங்க மாமா. பேங்கு வித்தாலும் யாவாரம் யாவாரம்தான். நோட்டீஸ்ல போட்ருக்கு பாருங்க."

போட்டிருந்தது, இங்கிலீஷில், எறும்பு அளவு எழுத்தில். சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் வண்டி அடுத்த ஆளுக்காம். துறையூர்க்காரர் வேப்பமர நிழலை விட்டு நகரவே இல்லை.

"டெல்லிக்காரனும் மெட்ராஸ்காரனும் பங்கு பிரிச்சுக்கட்டும். வெங்காயம் அதுவரைக்கும் காத்துகிட்டு கெடக்குமா?" என்று மனைவி தோட்டைக் கழற்றினாள். அதே பேங்கில் நகைக்கடன். பேங்கு எனக்குக் கொடுத்ததை நான் பேங்குக்கே வரியாகக் கட்டினேன். நகைக்கடன் ரசீதைப் பார்த்தால் சேவைக் கட்டணம், அதற்கும் கீழே வரி: பாதி அங்கே, பாதி இங்கே.

"சார், இதுக்குமா..." என்று மச்சான் ஆரம்பித்தான்.

"வாய மூடுடா!" என்றேன். பேங்கே திரும்பிப் பார்த்தது. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

வண்டி கிளம்பவில்லை. மச்சான் தள்ளினான், மனைவி தள்ளினாள், கடைசியில் மேனேஜரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து தள்ளினார். அதற்கு மட்டும் வரி கேட்கவில்லை. வெங்காயம் அன்றைக்கே ஏறியது.