ஓரம் தூக்கிய கண்ணாடி

அம்மாவின் நகக்கண்களில் கண்ணாடி மெருகேற்றும் காவி நிறக் குழம்பு எப்போதும் ஈரமாக ஒட்டியிருக்கும்; மண்ணூர்பேட்டையில் கேமரா லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை பார்த்த அவள் பிசைந்து கொடுக்கும் சோற்றில்கூட அந்த வாசனை வருவதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுவேன். எட்டாம் வகுப்பில் எனக்கு அவ்வளவு திமிர்.

பந்திலிருந்து சீவியெடுத்தது போன்ற வளைவுதான் அங்கே வழக்கம். அத்தகைய கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் வெளிச்சம், நடுவில் நுழைவதோடு ஒரே இடத்தில் சேராததால் படம் கலங்கும். அதைச் சரிக்கட்ட மேலும் இரண்டு மூன்று கண்ணாடிகளை அடுக்க, லென்ஸ் கனத்துப்போகும். ஓரத்து வளைவைச் சற்றே தளர்த்திவிட்டால் அந்த வேலையை ஒரே கண்ணாடி செய்துவிடும். அப்படி ஒன்றைக் கையால் தேய்த்துக் காட்டுபவருக்குப் புதிய பிரிவின் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். அம்மா அனுமதி வாங்கி ஒரு கண்ணாடியையும் தேய்க்கும் சாமான்களையும் வீட்டுக்கே எடுத்துவந்து, சாயங்காலங்களில் விரல்நுனி அளவுத் துணியால் ஒரு மாதம் தேய்த்தாள்.

இந்த வளைவுக் கணக்கெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது, சோதனைக் கண்ணாடியை மேலே வைத்தால் தோன்றும் வண்ண வளையங்கள் ஓரத்தில் நெருங்கினால் அது "ஓரம் தூக்கல்", பட்டறையில் திட்டு விழும் என்பது மட்டுமே. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை வைத்துப் பார்த்தேன். வளையங்கள் ஓரத்தில் நெருங்கிக் கிடந்தன. அம்மா வேண்டுமென்றே ஓரத்தைத் தளர்த்தியதால் வந்தவை அவை என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, மானத்தைக் காப்பாற்றுவோம் என்று, பந்து வளைவைத் தேய்த்தெடுக்கும் குழி அச்சான "கிண்ண"த்தில் கண்ணாடியை வைத்துக் குழம்பு ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்தேன். வளையங்கள் ஒழுங்குக்கு வந்தன. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பாராட்டு வாங்கி வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா பையைக்கூட இறக்காமல் அப்பாவிடம் சொன்னாள்: "நடுவுல பளிச்சுனு கீது, ஓரம் பூரா கலங்கிப்போச்சு. என் கை நிக்கல போலகீது."

நான் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. முதலாளி இன்னொரு முறை கேட்டபோதும் அம்மா தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பந்து வளைவை மீறிய அந்தக் கண்ணாடிகளை அச்சில் வார்த்து எல்லாக் கைப்பேசியிலும் வைத்துவிட்டார்கள். போன வாரம் நூம்பலில் உள்ள எங்கள் வீட்டில் என் மகள் எடுத்த படத்தை அம்மா விரலால் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டு மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரம் எவ்ளோ சுத்தமா கீது பாரு. எனக்குத்தான் கை வரல."

"ஆமாம்மா" என்றேன்.