நடுக்கடலில் ஒரு தண்ணி வரிசை

கடல் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை என்றதும் சுறாமீன், முத்து, மூழ்கிப்போன புதையல் என்று கற்பனையை ஓட விடாதீர்கள். அது முழுக்க முழுக்கத் தண்ணீர் பிடிக்கிற வேலை. குழாயடியில் குடத்தோடு நின்று கால் கடுத்தவர் யாராக இருந்தாலும் நீங்கள் என் இனம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒப்பந்தம்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு ஒரு கடல் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் செஞ்சியில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் பாறைதான் தெரியும். கடலை நான் பார்த்தது பாண்டிச்சேரிக்குப் போன காலேஜ் டூரில் மட்டும்தான். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, உஷாராகி, அவலூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை பேசி வைத்துவிட்டார். பயணத்தை முழுசாக முடித்தால் கடல் வேலையிலேயே தொடரலாம், பாதியில் திரும்பினால் சாக்பீஸ்தான் என்று பேச்சு. அந்தப் பள்ளியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் எனக்குக் கடல்தான் வேண்டும் என்று மனசு குதித்துக்கொண்டே இருந்தது.

பையைத் தூக்கியபோது, அங்கே அப்படி என்னதான் வேலை என்று அம்மா கேட்டாள். பல ஆழங்களில் கடல் தண்ணீரைப் பிடித்து உப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் அளப்போம் என்றேன். அம்மா இடுப்பில் கை வைத்தாள். "தெருக் குழாயில ஒரு கொடம் புடிச்சினு வாடின்னா இடுப்பு நோவுதுன்னுவ. நீ போயி கடலப் புடிக்கப் போறியா?"

சமையல்காரரின் மானம்

கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டியதும் என் வயிறு என்னைத் தாண்டியது. மற்றவர்கள் கருவிகளோடு ஓடிக்கொண்டிருக்க, நான் ஒரு நீலப் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தலைமை விஞ்ஞானி மேடம் சிரித்தே பழகாதவர். "நடுவுல விசாகப்பட்டினத்துல கப்பல் நிக்கும். முடியாதவங்க இறங்கிக்கலாம்" என்று பொதுவாகச் சொல்வதுபோல் என்னைப் பார்த்தே சொன்னார். எனக்கு அது, "அவலூர்பேட்டை எல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்துவது மாதிரி கேட்டது.

எதுவும் சாப்பிடாமல் கிடந்தால் வாந்தி நிற்கும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். தூத்துக்குடிக்காரரான சமையல்காரர் அண்ணாச்சி விடவில்லை. ரசம் சோற்றோடு வந்து முன்னால் நின்றார். "வாந்தி எடுக்கதுன்னா எஞ்சோத்தத் தின்னுட்டு எடு. வெறும் வயித்துல எடுத்தா, எஞ்சமையலுக்கு என்ன மரியாத?"

யோவ்!

கப்பலில் ஒரு பெரிய இரும்பு வளையம் உண்டு. அதைச் சுற்றி இடுப்பு உயரப் பாட்டில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழாய். கம்பி வடத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வோர் ஆழத்தில் தண்ணீர் பிடித்து மூடிக்கொள்ளும். மேலே வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் சின்னப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஆக்ஸிஜன் அளப்பவருக்குத்தான் முதலிடம், ஏனென்றால் உள்ளே காற்று புகுந்தால் அவர் கணக்கு கெட்டுவிடும். உப்பு எங்கேயும் ஓடிப் போகாது, அதனால் உப்புக்காரர் எப்போதும் கடைசி.

எங்கள் உப்புக்காரர் மதுரைப் பேராசிரியர் ஒருவர். முதல் தடவை வளையம் மேலே வந்ததுமே அவர் எல்லோரையும் இடித்துக்கொண்டு போய்க் குழாயில் கை வைத்தார். பக்கெட்டிலிருந்து தலையைத் தூக்கிய எனக்குக் கப்பல் மறைந்து எங்கள் தெரு தெரிந்தது. "யோவ் பெரியவரே! வரிசைல வாய்யா! முன்னாடி ஆளு நிக்கிறாங்க இல்ல?" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் உறைந்தார்கள். நானும்தான். விசாகப்பட்டினம் வரைகூட வேண்டாம், இங்கேயே கடலில் இறக்கிவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மேடத்தின் குரல் கேட்டது. "யாரும்மா அது? இனிமே நீதான் இந்தக் கப்பலுக்குத் தண்ணி போலீஸ்."

நகர்ந்த செருப்பு

பதவி வந்ததும் ஊர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இடம் பிடிக்க ஆள் நிற்க வேண்டாம், ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட்டுப் போகலாம். மறுநாளே டெக்கில் ஹெல்மெட், கையுறை, டீ கப் எல்லாம் வரிசை கட்டின. பேராசிரியர் கடைசியில் தன் செருப்பை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஓர் அலை அடித்துக் கப்பல் சாய, அந்தச் செருப்பு மட்டும் வழுக்கி வழுக்கி முதலிடத்தில் வந்து நின்றது.

திரும்பி வந்தவர் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் பாட்டிலோடு முன்னால் நின்றார். நான் முறைத்தேன். அவர் முகத்தில் பச்சைக் குழந்தையின் அப்பாவித்தனம். "நான் எங்கம்மா முந்துனேன்? கப்பல்தான் என்னைய முந்த விட்ருச்சு."

விசாகப்பட்டினம்

வாந்தி மட்டும் நிற்கவே இல்லை. போலீஸ் வேலையையும் பக்கெட்டும் கையுமாகத்தான் பார்த்தேன். கப்பல் கரையை நெருங்கியபோது, யாரும் சொல்வதற்கு முன் நாமே இறங்கிவிடுவோம் என்று பையைக் கட்டினேன். கட்டும்போது அழுகை வந்தது. அதை மறைக்க மாட்டேன். இறங்கும் ஏணி வரை பையைத் தூக்கி வந்தவர் யார் தெரியுமா? பேராசிரியர். அவ்வளவு பாசம்!

ஏணியருகே நின்ற மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், பைய கீழ வைங்க. வாந்தி எடுக்காதவங்க கப்பல் பூரா இருக்காங்க, உங்கள நிறுத்தி வைக்கிற ஆளு இவ ஒருத்திதான். ஏம்மா, பக்கெட்ட எடுத்துக்கிட்டு மேல போ."

சுண்டிய மலை

போனில் சிக்னல் கிடைத்ததும் நைனாவை வீடியோவில் கூப்பிட்டு, நான் இறங்கவில்லை என்றேன். பள்ளிக்கு என்ன சொல்வது என்று அவர் தலையைச் சொறிந்தார். பயந்துபோய்க் கையிலிருந்த கப்பைக் காட்டினேன். கப்பலில் ஒரு வழக்கம்: தெர்மாகோல் கப்பில் படம் வரைந்து வளையத்தோடு ஆழத்துக்கு அனுப்புவார்கள். தண்ணீர் அழுத்தத்தில் அது விரல் நுனியில் மாட்டுகிற அளவுக்குச் சுருங்கி வரும். நான் எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டையை மலையோடு வரைந்து அனுப்பியிருந்தேன்.

நைனா போனைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நம்ம மலையவே சுண்டக்கா ஆக்கி வச்சினுகீற. உன்னைய இன்னா பண்ணி அவலூர்பேட்டைல அடைக்கிறது? நீ போய்ட்டு வா, ஸ்கூலுக்கு நான் சொல்லிக்கிறேன்."

தெருக் குழாய்

பயணம் முடிந்து, அடுத்த பயணத்துக்கும் வரச் சொல்லிவிட்ட கர்வத்தோடு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அதற்குள் நைனா ஆட்டோவில் ஏறியவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு கப்பல்ல போலீசா கீது" என்று பரப்பியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் கையில் குடத்தைத் திணித்தாள்.

குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. எனக்குக் கை துறுதுறுத்தது. முன்னால் போய் நின்று, யார் முதலில், யார் அப்புறம் என்று பிரிக்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டு சரோஜாக்கா என் குடத்தைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். "கப்பல்ல நீ போலீசா இரு, கலெக்டராவே இரு. இங்க லேட்டா வந்தவ நீ, வரிசைல வாடி!"

வங்கக் கடலின் அடியிலிருந்தே தண்ணீர் எடுத்து வந்துவிட்டேன், எங்கள் தெருக் குழாயில் மட்டும் இன்னும் நான் உப்புக்காரிதான்.