பத்து மணல் மூட்டைகள்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் நான் வண்டி சாமான் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வண்டியில் கோளாறு உள்ளவன் வந்தால் ஒரு சாமான் வாங்கிக்கொண்டு போவான். மனசில் கோளாறு உள்ளவன் வந்தால் கடையையே காலி செய்துவிடுவான். மாயவன் இரண்டாவது ரகம். அவனுக்குச் சாமான் விற்றவன் நான்தான். அந்தச் சனியன் பிடித்த நாளில் அவன் வண்டியில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். ஆகவே இந்தக் கதையில் என்னை யோக்கியனாகக் காட்டிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மாயவன் வடக்கனந்தலில் கரும்பு வெட்டுகிற கூலி வீட்டில் பிறந்தவன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு சேலத்தில் பழைய டர்போ டீசல் கார் ஒன்றைப் பிடித்து, கச்சிராயபாளையத்திலிருந்து மலைமேல் வெள்ளிமலைக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தான். அது ஏழு பேர் வண்டி. மலையில் ஏழு பேருக்காக யார் வண்டி எடுப்பார்கள்? பத்து பேர் ஏறுவார்கள். வெள்ளச்சி என்கிற மலைப்பெண் புளி மூட்டையோடு வாராவாரம் அவன் வண்டியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தாள். நாலு மாதம் புளியை ஏற்றினவன் ஐந்தாவது மாதம் அவளையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அவளும் சந்தோஷமாகத்தான் வந்தாள். ஏழு வருடம் குடித்தனம் செய்தார்கள். பிள்ளை இல்லை. அதற்காக அவர்கள் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு சந்தை நாள். மேலே ஒருவருக்கு மோட்டார் சாமான் கொடுக்க நானும் அவன் வண்டியில் ஏறினேன். அவனைத் தவிர்த்துப் பத்து பேர். முன் சீட்டில் வெள்ளச்சியும் நானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா வீட்டுக்குப் போகிறாள் என்று புதுச் சேலை கட்டியிருந்தாள். ஆறாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கியது. முதல் கியரிலும் இழுக்கவில்லை. கிளட்ச் கருகும் வாடை வந்தது.

அந்த மலையில் இதெல்லாம் சகஜம். வளைவில் ஒன்றிரண்டு பேர் இறங்கி நடப்பார்கள், வண்டி மேலே போய்ச் சமதளத்தில் நிற்கும், மறுபடி ஏறிக்கொள்வார்கள். இறங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு மாயவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

"வெள்ளச்சி, நீ எறங்கு. ஒரு ஆளு கம்மியானா ஏறிடும்."

அவள் இறங்கினாள். வண்டி ஏறியது. மேலே சமதளத்தில் நிறுத்திக் காத்திருந்தோம். அவள் வளைவைச் சுற்றி நடந்து வந்தாள். வந்து, வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். ஏறு என்று மாயவன் கூப்பிட்டான். அவள் ரோட்டை விட்டு இறங்கி, அவள் ஊருக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். புதுச் சேலை மரத்துக்கு மரம் தெரிந்து மறைந்தது. பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்றார்கள். மாயவன் கியர் போட்டான். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அந்த 'யாரோ' நானாகக்கூட இருக்கலாம், இப்போது நினைவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவள் திரும்பி வரவில்லை.

வேறொருவனாக இருந்தால் மறுநாளே போய்க் காலில் விழுந்தாவது கூட்டி வந்திருப்பான். இவன் ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாயவன் வண்டி கோணல் என்றான். அன்றைக்கு வண்டி இழுத்திருந்தால் யாரும் இறங்கியிருக்க வேண்டியதில்லை, ஆகவே தப்பு வண்டி மேல். வண்டி மேல் என்றால் அதைச் சரி செய்துவிடலாமே! பத்து பேரோடு ஆறாவது வளைவை இரண்டாவது கியரிலேயே ஏறுகிற மாதிரி வண்டியைச் செய்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகிறேன் என்றான். அப்போதே நான் அவனைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சாமான் பட்டியலை எடுத்து வெளியே வைத்தேன்.

முதலில் இன்டர்கூலர். டர்போ அழுத்தி அனுப்புகிற காற்று கொதித்துப்போய் வரும். அதைக் குளிர வைத்து இன்ஜினுக்குள் விட்டால் இழுவை கூடும். அவன் வண்டியில் இருந்தது கைக்குட்டை அளவு. சேலத்தில் பழைய லாரிச் சாமான் கடையில் பெரியதாக ஒன்றைத் தேடிப் பிடித்தான். எந்த மெக்கானிக்கிடமும் விடவில்லை. அவன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் தானே பம்பரைக் கழற்றி, தானே இரும்புப் பட்டை வளைத்து, தானே மாட்டினான். ரப்பர் ஹோஸ் சுலபமாக ஏறட்டும் என்று உள்ளே எண்ணெய் தடவிவிட்டான். இரண்டாவது வளைவிலேயே டமார் என்று ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. எண்ணெய் தடவினால் கிளிப் பிடிக்காது, துடைத்துவிட்டுக் காய்ந்தபடி மாட்டு என்று நான்தான் சொன்னேன். அப்புறம் பிடித்தது.

பிறகு டர்போவின் அழுத்தம் பார்க்க ஒரு மீட்டர். அதற்குப் பிறகு, அழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் தடுக்கிற கம்பியை நாலு மரை முறுக்கினான். கரும்புகை கக்கியது, சூடும் ஏறியது. இரண்டு மரை தளர்த்தினான். அதன் பிறகு நன்றாக ஓடியது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமான்தான் மாற்றுவான். எது என்ன செய்தது என்று அப்போதுதான் தெரியுமாம். அது சரியான முறைதான். ஆனால் அப்படி ஒவ்வொன்றாக மாற்றியதால் மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடத்தில் வேறு எதைச் செய்துகொண்டிருப்பது என்றும் அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

சோதனை ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. சோதனைக்குப் பத்து ஆள் வேண்டுமே? மணலை மூட்டை கட்டினான். அன்றைக்கு வந்த பத்து பேரையும் நினைவு வைத்து, அவரவர் எடைக்கு அவரவர் மூட்டை. என் கடைத் தராசில்தான் நிறுத்தான். உங்க மூட்டைதாண்ணே பெருசு என்று சிரித்தான். நான் எண்பத்தெட்டு கிலோ. வெள்ளச்சி மூட்டை நாற்பத்தாறு. அதை முன் சீட்டில் வைத்தான். என்னை இறக்கிவிட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு வெள்ளச்சி கம்மியாகியிருக்கும். கணக்குத் தெரிந்த எவனும் என்னைத்தான் இறக்கியிருப்பான். அன்றைக்கு நானும் அவனுக்கு அந்தக் கணக்கைச் சொல்லவில்லையே.

ஞாயிறு தோறும் மூட்டைகளை உட்கார வைத்துக்கொண்டு ஆறாவது வளைவு வரை போவான். இரண்டாவது கியரில் முயற்சி செய்வான். பாதியில் வண்டி திணறும். முதல் கியருக்கு இறங்கினால் அவனுக்குத் தோல்வி. அங்கேயே திருப்பிக்கொண்டு கீழே வந்துவிடுவான். வெற்றி பெறாமல் மேலே போவதில்லை என்று வைராக்கியம். ஒருமுறை கோமுகி அணை அருகே அவன் வண்டியை எதிரில் பார்த்தேன். ஜன்னல் வழியாக அவன் முன் சீட்டைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு வந்தான். கையைக்கூட ஆட்டாமல் தாண்டிப் போனேன்.

மூன்றாவது வருடம் நான் அவனுக்கு இரண்டு சாமான் கொடுத்தேன். பழைய பெட்டி ஃபில்டருக்குப் பதிலாகத் திறந்த கூம்பு ஃபில்டர். உள்ளே அடைப்பு அதிகம் இருந்த சைலன்சருக்குப் பதிலாக நேர்க்குழாய் சைலன்சர். காற்று தாராளமாக உள்ளே போய்த் தாராளமாக வெளியே வரும். சத்தமும் தாராளமாகத்தான் வரும். மாட்டிவிட்டு அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தபோது டர்போ விசில் அடித்தது, சைலன்சர் உறுமியது. தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. பழைய சாமான் இரண்டையும் என் கடைப் பரணில் போட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாறு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மூட்டையோடு, ஆறாவது வளைவை இரண்டாவது கியரிலேயே வண்டி ஏறிவிட்டது. மாயவன் அப்படியே நிறுத்தாமல் அவள் ஊருக்குப் போனான். மறுநாள் காலை கடை திறக்கும்போது வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் கொல்லையில் சாமைக் கதிர் தட்டிக்கொண்டிருந்தாளாம். இவன் வண்டியைக் காட்டி, இனிமேல் நீ இறங்க வேண்டியதில்லை, பத்து ஆள் எடையோடு ஏறுகிறது பார் என்றானாம். அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதில் நான் எது என்று கேட்டாள். இவன் முன் சீட்டைக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"பத்து பேரு இருந்தாங்க. எறங்குன்னு சொல்ல உன் வாயில என் பேருதான் வந்துச்சி. வண்டி ஏறலியேன்னா நான் போனேன்?"

அவள் கதிரைத் தட்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமையானா உன் வண்டி வளைவு வரைக்கும் வரும். இங்க நல்லா கேக்கும். இன்னிக்கி நீ மேல வந்துடுவன்னு பாறைமேல நின்னுக்கினு இருப்பேன். திரும்பிப் பூடும். ரெண்டு வருசத்துக்கு மேல நின்னேன். அப்பால சத்தம் வேற மாதிரி ஆயிடுச்சி. நீ வண்டிய வித்துட்ட, வேற எவனோ ஓட்டிக்கினு போறான்னு நெனச்சிக்கினேன். அத்தோட நிக்கறத வுட்டுட்டேன்."

இவ்வளவுதான். வா என்று அவன் கூப்பிட்டதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வருகிறேன் என்கிற ஆட்டல் இல்லை அது.

எனக்கு மாயவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறாவது வளைவிலிருந்து அவள் ஊர் கூப்பிடு தூரம். மூன்று வருடம் அதுவரை போய்த் திரும்பி வந்திருக்கிறானே மடையன் என்று கத்தினேன். அவன் குனிந்தபடியே, அந்தப் பழைய ஃபில்டர் பெட்டியும் சைலன்சரும் இருக்கிறதா என்று கேட்டான்.

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சைலன்சரில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் வெல்டிங் வைத்து, அந்த வாரம் முழுவதும் அதே வேப்பமரத்தடியில் மாட்டினான். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சத்தம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? நான் அன்றைக்குச் சத்தத்தையா கேட்டுக்கொண்டிருந்தேன்? அதே மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நாளைக்கு நீங்களும் வாருங்கள் அண்ணே என்றான்.

போனேன். வண்டியில் ஒரு மூட்டைகூட இல்லை. மணலை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டிருந்தான். நான் பழக்கத்தில் முன் கதவைத் திறந்தேன்.

"அது அவ சீட்டுண்ணே. பின்னால ஒக்காருங்க."

பின்னால் உட்கார்ந்தேன். ஆறாவது வளைவு வந்ததும் நான் அவன் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"எறங்க வேணாண்ணே. ரெண்டு பேருதானே, ஏறிடும்."

"ஏறும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன்.

வண்டி வளைவைச் சுற்றி மேலே போனது. நான் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது நிஜம்தான். அந்த இடத்தில் சத்தம் நன்றாகக் கேட்கிறது. வண்டி மேலே நின்றது, இன்ஜின் அணைந்தது, அதன் பிறகு காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஞாயிறு தோறும் ஒருத்தி இப்படித்தானே காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. எண்பத்தெட்டு கிலோ ஆள், ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாரும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சத்தம் கேட்டது. எழுந்து நின்றேன். வளைவில் வண்டி திரும்பியதும் முதலில் முன் சீட்டைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது.

பின்கதவைத் திறந்து ஏறினேன். அவளைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாறைமேல நின்னுக்கினு இருந்தா" என்றான். "கிட்ட வரல. சத்தம் கேட்டுச்சின்னு சொன்னா. அவ்ளோதான்."

அவன் வண்டியை எடுத்தான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கள்ளக்குறிச்சியில் பார்க்க முடியாது. பழைய சைலன்சரோடு மலையேறிப் போகிறான், வளைவில் திரும்பாமல் மேலே வரை போகிறான், தனியாகத்தான் வருகிறான்.