ஐம்பத்தெட்டும் நான்கு புள்ளியும்

வெள்ளைப் பந்தை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, குனிந்து, வாயால் ஒருமுறை ஊதிப் பார்க்கிறாள் மாரிசெல்வி. பந்து கொஞ்சம் தயங்கி, பிறகு சமையலறைப் பக்கமாக மெல்ல நகர்கிறது. "இன்னைக்கும் அங்கனதான் சாயுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அடுத்து பச்சைத் துணியை உள்ளங்கையால் தடவி, ஒட்டுப்போட்ட இடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறாள். நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் தினமும் தடவுவாள். அவள் தடவி முடிப்பதற்குள் எதிரே நிற்கிற பெண்ணுக்குப் பாதி தைரியம் போயிருக்கும்.

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம்தான் எங்கள் ஹாஸ்டல். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்று அதை மொத்தமாக எடுத்து, தென்மாவட்டத்துப் பெண்கள் நூற்றெண்பது பேரை வைத்திருக்கிறது. அதிகாரிகளின் கெஸ்ட் ஹவுசுக்குப் புது பூல் மேசை வந்தபோது, பழையதைத் தூக்கி எறிய மனம் வராமல் எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடம் முழுக்கக் கட்டில்கள். காலியாக இருந்தது மணமேடை மட்டும்தான். பன்னிரண்டு பேர் சேர்ந்து மேசையை அங்கே ஏற்றினோம். நான் அந்தக் கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ். 'மணமகள் அறை' என்று இன்னும் கதவில் எழுதியிருக்கிற அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். அதற்காகச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

முதல் ஷிஃப்ட் பஸ் மூன்றரைக்கு வந்து இறக்கிவிடும். நாலு மணிக்கெல்லாம் மேடைப் படியில் இடம் கிடைக்காது. ஆட்டம் எளியது. கம்பால் வெள்ளைப் பந்தை மட்டும்தான் இடிக்கலாம்; அது மோதித்தான் மற்றவை நகர வேண்டும். ஆளுக்கு ஏழு பந்து. ஏழையும் குழிகளில் தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்பைத் தள்ள வேண்டும். கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் தோல்வி. குறிவைத்த குழிதான் என்றில்லை, எதில் விழுந்தாலும் விழுந்ததுதான். ஜெயித்தவள் மேடையில் நிற்கலாம், தோற்றவள் படியிறங்க வேண்டும். மாரிசெல்வி ஏழு வாரமாக இறங்கவில்லை.

மற்றவர்கள் விரல்களை விரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் கியூ கம்பை வைத்து இடிப்பார்கள். மாரிசெல்வி போனில் வீடியோ பார்த்துக் கற்றது வேறு. இடது ஆள்காட்டி விரலை வளையமாக மடித்து, அந்த வளையத்துக்குள் கம்பை விட்டு, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பாள். அடியோ மெதுவாக இருக்கும். பந்து குழிவரை போய், விழலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டுத்தான் விழும். "நான் ஒண்ணும் நல்ல அடி அடிக்கதில்லக்கா. கெட்ட அடி அடிக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்பாள். வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பதில்தான் அவளுக்குக் கண். பந்து குழியில் விழுவதைப் பெரும்பாலும் பார்க்கவே மாட்டாள்.

தண்ணீர் லாரி வரும் நேரத்தை எழுதுகிற கரும்பலகை ஒன்று மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வலது மூலையில் அவள் ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கை. அந்த எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றை வைத்தவளும் அவளேதான். முப்பத்தோராவது ஆட்டத்தில் எதிராளி கறுப்பைத் தள்ளி ஜெயித்தேவிட்டாள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது வெள்ளையும் பின்னாலேயே போய் விழுந்தது. மாரிசெல்வி பலகைக்குப் போய் முப்பத்தொன்று என்று எழுதி, கீழே ஒரு புள்ளி வைத்தாள். "இது நான் ஜெயிச்சதில்ல. அவ தோத்தது. கணக்குல உண்டு, ஆனா எனக்குத் தெரியணும்லா." எண் ஐம்பத்தெட்டுக்கு வந்தபோது கீழே நான்கு புள்ளிகள் இருந்தன. ஐம்பத்தெட்டு ஆட்டத்தில் நான்கே நான்கு இடத்தில் அதிர்ஷ்டத்தை ஒப்புக்கொண்டவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதனால்தான் 'ராசி' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வார்டன் சசிரேகா உள்ளூர்க்காரி. மேடையைக் கடக்கும்போதெல்லாம், "அதுக்கு ராசியான கைம்மா. அதாண்ட போய் இன்னாத்துக்கு ஆடிக்கினு கீறீங்க?" என்று மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டுப் போவார். மாரிசெல்வி கம்பைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், ஒண்ணு ரெண்டுன்னா ராசிங்கலாம். அம்பதுக்குப் பொறவும் ராசின்னா, நான் இம்புட்டு நேரமும் என்ன செஞ்சிட்டிருந்தேன்?" என்று கேட்பாள். அதற்குள் சசிரேகா சமையலறைக்குள் போயிருப்பார்.

சுகப்பிரியா கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒயர் முனையில் ரப்பர் மாட்டிக்கொண்டிருப்பவள். மாரிசெல்வியின் பக்கத்துக் கட்டில். அவள் ஒருநாள் போனில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பத்து ஆட்டத்துல ஒன்பது ஜெயிக்கிறவளா இருந்தாலும், ஐம்பத்தெட்டு தொடர்ந்து வர்றதுக்கு நானூத்தம்பதுல ஒரு வாய்ப்புதான். அப்ப நீ பத்துக்கு ஒன்பதைவிடப் பெரிய ஆளு. இல்லாட்டி அதிர்ஷ்டமும் கூட நின்னுருக்கு. ரெண்டும்தான்டி." "அதிர்ஷ்டத்துக்குத்தான் நாலு புள்ளி வச்சிட்டேம்லா" என்றாள் மாரிசெல்வி.

கம்பெனி வாசலிலும் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லா வேலை நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே பச்சை விளக்கில் எண் எரியும். தினமும் காலையில் ஒன்று கூடும்; விபத்து என்று பதிவானால் மறுபடி சைபரிலிருந்து. நானூறு ஆகும் அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணியும் ஆளுக்கொரு ஹாட் பாக்ஸும் என்று அறிவித்திருந்தார்கள். மாரிசெல்வி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். "முந்நூத்தி எழுபதுக்கா! ரெண்டாயிரம் பேரு சேந்து ஒரு தப்பு பண்ணாம இருக்கதுன்னா சும்மாவா?" என்பாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "இதுலயும் அதிர்ஷ்டத்துல தப்பிச்சது இருக்கும்லா? அதுக்கு எங்க புள்ளி வைப்பாக?" எனக்கு அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

பலகை முந்நூற்று எண்பத்தெட்டு காட்டிய அன்று, காலை பத்தரைக்கு அவளை முதலுதவி அறைக்குக் கூட்டிவந்தார்கள். ஒயர் முனையில் பித்தளை அழுத்துகிற பிரெஸ். கை உள்ளே இருந்தால் இறங்காமல் தடுக்கிற மூடி அதற்கு உண்டு. டார்கெட் எட்டாத லைன்களில் அதைத் தூக்கி டேப் ஒட்டிவிடுவார்கள். இடது கை ஆள்காட்டி விரல். நகமிருந்த இடத்தை நான் விவரிக்கப்போவதில்லை. அவள் கத்தவில்லை. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வளையம் வருமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பாதுகாப்பு அதிகாரி வெங்கடேசன் வந்துவிட்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது; அதுதான் எனக்கு எரிச்சல். பெண்ணின் தலையைத் தொட்டு, "இன்னாம்மா இப்டி பண்ணிக்கின? இன்னும் பன்னண்டு நாளுதான் கீது. ஆம்புலன்ஸ் கூப்ட்டா ரெக்கார்ட் ஆயிடும். என் கார்லயே போலாம். நல்ல டாக்டர். ஹாஸ்டல்ல பாத்ரூம் கதவுல நசுங்கிச்சின்னு எழுதிக்கலாம், இன்னா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் கையில் பதிவேடு இருந்தது.

நான் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தேன். அந்த இடைவெளியில் மாரிசெல்வி முந்திக்கொண்டாள்.

"கதவுன்னே எழுதுங்கக்கா."

"ஏன்டி?"

"அம்பத்தெட்டுக்கே எனக்கு உசுரு போவுது. இது முந்நூத்தி எம்பத்தெட்டு. ரெண்டாயிரம் பேரு பாத்துப் பாத்துச் சேத்தது. என் ஒத்த வெரலால ஒடைஞ்சா, அவுக மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

வேறு யாராக இருந்தாலும் பயத்தில் சம்மதித்திருப்பார்கள். பதினொரு மாத கான்ட்ராக்ட், அடுத்த முறை கூப்பிடாமல் விட்டால் கேட்க ஆளில்லை. இவளோ மரியாதையில் சம்மதித்தாள். நீண்டுகொண்டே போகிற எண்ணுக்குப் பின்னால் யாரோ தினமும் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பினாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த முந்நூற்று எண்பத்தெட்டுக்குள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தியை சைக்கிள் செயின் கடித்தது. ஒருத்தி அரிவாள்மனையில் கையை வைத்தாள். ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தார். மூன்றும் என் கையெழுத்து. நான்காவதாக, 'இடம்: விடுதிக் குளியலறை. காரணம்: கதவு' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

விரலின் மேல் கணு போய்விட்டது. இரண்டு வாரம் அவள் மேடையேறவில்லை. மற்றவர்கள் ஆடினார்கள், பலகையின் மூலையை யாரும் தொடவில்லை. தண்ணீர் நேரத்தை அழித்து எழுதும்போது சசிரேகாகூட அந்த மூலையைச் சுற்றித்தான் அழித்தார்.

நானூறாவது நாள் வந்தது. வாசலில் பந்தல், பலகைக்கு மாலை. வெங்கடேசன் மைக்கில் இது அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை, ஒவ்வொருவரின் கவனத்தாலும் வந்தது என்றார். மாரிசெல்வி கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு கைதட்ட முடியாமல் நின்றாள். முகம் நிறையச் சிரிப்பு. ஹாட் பாக்ஸ் வாங்குகிற வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் இருந்தேன். முன்னால் நின்ற உள்ளூர்ப் பெண் பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். அவளுக்கு நடுவிரல் குட்டை.

"எப்படிக்கா ஆச்சு?" என்றாள் மாரிசெல்வி.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு அவளுடைய கட்டைப் பார்த்தாள். "எனிக்கு சைக்கிள் செயின்னு எழுதிக்கினாங்க. உனக்கு இன்னா எழுதினாங்க?"

பஸ்ஸில் மாரிசெல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படப்பை ரோட்டில் திரும்புகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேருக்கா?"

"உன்னோடு நாலு."

"எங்கயும் புள்ளி வைக்கலியாக்கா?"

நான் இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்தோம்.

இறங்கியதும் அவள் நேராக மேடைக்குப் போனாள். "யாரு வாரீக?" என்றாள். ஒருத்தியும் எழவில்லை. சுகப்பிரியாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். வழக்கம்போல பந்தை ஊதிப் பார்த்தாள், துணியைத் தடவினாள். கட்டுப்போட்ட விரலை மடித்தாள். வளையம் மூடவில்லை. கம்பு அதற்குள் நிற்காமல் நழுவியது. மற்றவர்கள் வைக்கிற மாதிரி விரலை விரித்து வைத்து அடித்தாள். முதல் நான்கு பந்து விழுந்தன. அதன்பிறகு அடிகள் தடுமாறத் தொடங்கின.

சுகப்பிரியா வேண்டுமென்றே தள்ளி அடிக்க ஆரம்பித்தாள். மாரிசெல்வி கம்பை உயர்த்தினாள். "ஒழுங்கா அடிடி. விட்டுக்குடுத்தேன்னா இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." சுகப்பிரியா அழுதுகொண்டே ஆடினாள். இருவரும் கறுப்புக்கு வந்தார்கள். மாரிசெல்வி அடித்த கறுப்பு குழியின் உதட்டில் நின்று திரும்பி வந்தது. சுகப்பிரியா கண்ணைத் துடைத்துவிட்டு மூலைக் குழியைப் பார்த்து அடித்தாள். கறுப்பு அங்கே போகவில்லை. இரண்டு பக்கம் மோதி, ஒட்டுப்போட்ட இடத்தில் தடுக்கி, சமையலறைப் பக்கமாகச் சாய்ந்து நடுக் குழியில் விழுந்தது.

"இது குருட்டாம்போக்குல விழுந்தது. சேராது" என்றாள் சுகப்பிரியா. "கை சரியானப்புறம் ஆடுவோம். ஐம்பத்தெட்டு அப்படியே இருக்கட்டும்டி." படியிலிருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். கை அடிபட்டவள் தோற்றது எப்படிக் கணக்காகும் என்று சசிரேகாகூட வாசற்படியிலிருந்து கேட்டார்.

"உனக்குப் புள்ளி வச்சிக்க. எனக்கு சைபர்" என்றாள் மாரிசெல்வி.

கரும்பலகைக்குப் போய், கட்டுப்போட்ட கையாலேயே ஐம்பத்தெட்டை அழித்தாள். கீழே இருந்த நான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடத்தில் பெரிதாக ஒரு சைபர் போட்டாள். பிறகு படியிறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்று, மிச்சமிருந்த சாக்பீஸை என் வலது உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.